மிஸஸ் ஹேகர்ட்டிக்கு ஒரு டின் வடை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற வகைச் சிரிப்பு. ஆனால் அது இப்போதைக்கு வராது, ஏனென்றால் ஆட்களின் குரலில் பேசிக்காட்டியே திரிகிற ஆரணிக்கே இப்போது சிரிப்பு வரவில்லை, பதினாறு வயதில் முதல்தடவையாக அவளுடைய தொண்டையில் ஒருவருடைய குரலும் இல்லை, அவளுடையதுகூட இல்லை. காலை ஒன்பதே முக்கால். ஸ்காபரோவில் ஒரு அகலத் தெரு. தெருவின் அந்தப் பக்கம் குடியுரிமை அலுவலகம், இந்தப் பக்கம் டோனட் கடை, கடைக் கண்ணாடியோரம் அவள், அவளுக்கு முன்னால் ஆடை படிந்துகொண்டிருக்கிற ஹொட் சாக்லேட். அம்மா உள்ளே போய்ப் பதினொரு நிமிடம். அம்மாவின் கைப்பைக்குள் ஒரு டின். டின்னுக்குள் நாற்பது பருத்தித்துறை வடை, தட்டையாய், முறுகலாய், நேற்றுப் பொரித்தது. அந்த நாற்பதும், அம்மா பஸ்ஸில் வைத்துச் சொன்னபடி, மிஸஸ் ஹேகர்ட்டிக்கு. மிஸஸ் ஹேகர்ட்டி என்று ஒரு மனுசி அந்தக் கட்டடத்தில் இல்லை. இந்த உலகத்திலேயே இல்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், தெரியாமல் எப்படி, இந்தக் கதிரையில் குந்தியதிலிருந்து எட்டுத்தடவை நடத்திப் பார்த்துவிட்டாள், எல்லாப் பாத்திரமும் அவளே. அம்மா முகப்பு மேசைக்குப் போவாள், கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டுவாள், மேசைக்காரன், அவனுக்குச் சளி பிடித்த குரல், வானொலியில் வானிலை வாசிக்கிறவனின் குரல், காலை வணக்கம் அம்மணி, மூன்றாம் அறை என்பான், அம்மா நகரமாட்டாள், மிஸஸ் ஹேகர்ட்டி ப்ளீஸ் என்பாள், யார் அம்மணி, மிஸஸ் ஹேகர்ட்டி, செவ்வாய்க்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பா, அப்படி யாரும் இங்கே இல்லையே அம்மணி, அம்மா டின்னைத் திறப்பாள், பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் அந்தக் குளிரூட்டிய மண்டபம் முழுக்கப் பரவும், அதோடு சரி. அரச அதிகாரியாக நடித்தால் சிறை என்று தேடலில் வந்தது. எத்தனை வருஷம் என்ற வரி வருமுன் மூடிவிட்டாள். மூடியது பிழை. தெரியாத எண் வளரும். இப்போது அது பதினான்கு வருஷத்தில் நிற்கிறது. ஆனால் சிறை அல்ல விஷயம், சிறையில்கூட அவள் காவல்காரிகளின் குரலைப் பழகிவிடுவாள், விஷயம் அம்மாவின் முகம், அப்படி யாரும் இல்லை அம்மணி என்று சொன்னவுடன் அம்மாவின் முகம் என்ன ஆகும், அந்த இடத்தில் வந்து ஒவ்வொரு தடவையும் நாடகம் நின்றுபோகிறது, அதற்கு அவளிடம் குரல் இல்லை, திரும்ப மேசைக்காரனிலிருந்து, காலை வணக்கம் அம்மணி.

எல்லாம் அப்பப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் பெயர் வைத்தவர்கள் செய்த வேலை. அந்த வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பின்பெயர். அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர், ஆரணிக்கு அப்பாவின் பெயரான நகுலேஸ்வரன், அம்மா தவமலருக்கு, கலியாணத்துக்கு முன்னமே எடுத்த பாஸ்போர்ட் என்பதால், அவளுடைய அப்பாவின் பெயர், வல்லிபுரம். கனடாக்காரர் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், தவமலர் என்பது கூப்பிடுகிற பெயர், வல்லிபுரம் என்பது குடும்பப் பெயர். போன வருஷம் இதே கட்டடத்தில், குடியுரிமைப் பரீட்சைக்கு வந்து, அம்மா பின்வரிசையில் குந்தியிருந்தாள். மிஸஸ் வல்லிபுரம் என்று கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். அம்மா சுற்றுமுற்றும் பார்த்து, பாவம், எங்கட அப்புவின்ர பெயரில இஞ்சையும் ஒரு ஆள் இருக்குது, எங்கை போயிட்டுதோ என்று பரிதாபப்பட்டாளாம். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, இண்டைக்கு ஆக்கள் கூட, என்னைக் கூப்பிடேல்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நீங்கள் சமூகமளிக்கவில்லை என்று கடிதம் வந்தது. அப்பா அப்போது லொறியோடு வின்னிபெக் பக்கம் நின்றார், ஸ்பீக்கர் போனில் அவருடைய சத்தம் குசினி முழுக்க அடித்தது. "இஞ்சாரும், அது நீர்தானப்பா! வல்லிபுரம் நீர்தான்!" அம்மா அகப்பையோடு நின்று, "அப்பு செத்து இருபத்திரண்டு வருஷம், அவரைக் கூப்பிட நான் எப்பிடி எழும்புறது?" என்றாள். அப்பா சிரித்தார், ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துச் சொல்ல வேண்டியவளும் அவள்தான், இன்னொருதரம் வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். கைவிடப்பட்டது. அதைத் தமிழில் சொன்னபோது அம்மா கேட்டாள், "ஆர் கைவிட்டது? அவையோ, நானோ?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு பஸ் வந்து, மூச்சுவிட்டுக் குனிந்து, ஆட்களை இறக்கிப்போனது. பதினாறு நிமிடம். கல்லாவில் நிற்கிற பெண் "வேற ஏதும் வேணுமா ஸ்வீட்டி" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறாள், கடைசி எழுத்தை ரப்பர்போல இழுத்து, வேறொரு நாள் என்றால் அந்த இழுப்பை ஆரணி இதற்குள் பிடித்திருப்பாள், அவளையே திருப்பிக் கேட்டிருப்பாள். இன்று பெரியம்மாவின் நினைவுதான் வந்து நிற்கிறது. பெரியம்மா, அம்மாவின் அக்கா, திருச்சி அகதி முகாமில் இருக்கிறா. அம்மாவும் அவவும் நேரில் கண்டு பத்தொன்பது வருஷம். அம்மாவிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம், அதைக் கொண்டு இந்தியாவுக்கு விசா எடுக்கப் பார்த்து இரண்டுதரம் முடியவில்லை, கனடாப் பாஸ்போர்ட் வரட்டும் அக்கா, வரட்டும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இதுதான் கதை. பெரியம்மா திரையில் நெற்றி மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு கதைப்பா. "பிள்ளை, நீ மற்ற ஆக்களின்ர குரலில கதைக்கிறியாம். அது உனக்கு ஆரிட்டை இருந்து வந்தது தெரியுமே? உன்ர கொம்மா பெரிய டீச்சரின்ர குரலில தட்டிக்கு அங்கால நிண்டு, பிள்ளையள் இண்டைக்கு அரைநாள் எண்டு சொல்லி, ஒரு வகுப்பையே வீட்டை அனுப்பினவள்!" அம்மா "சும்மா இரு அக்கா" என்று போனைப் பறித்தாள். ஆரணி நம்பவில்லை. பெரியம்மா எதையும் ஒரு சுற்றுக் கூட்டித்தான் சொல்லுவா. அதிகாரி ஒருவரைக் கண்டால் அம்மாவின் குரல் சொட்டுச்சொட்டாகத்தான் வரும், கேட்கமுன்னமே கை அடையாள அட்டையை எடுக்கும், பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிறவருக்கே எழுந்து நிற்பாள், அப்படிப்பட்ட அம்மா ஒரு வகுப்பை அனுப்பியிருப்பாளா, எந்தக் குரலால்?

முதல் அழைப்பு பகிடிக்குத்தான், கடவுளே, வெறும் பகிடிக்கு. ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டடத்தின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில், ட்ரையருக்கு முன்னால், இலக்கத்தை மறைத்து அம்மாவை அழைத்தாள். குரலை இரண்டு நாளாகத் தயாரித்திருந்தாள். பள்ளிக்கூடத்துத் துணை அதிபரின் மூக்கு, பல் வைத்தியரின் வரவேற்பு மேசைக்காரி வாயில் எப்போதும் உருளுகிற டியர், கடைசியாக, சொல்லை முடித்தபிறகு உதட்டை மூடுகிற சின்னச் சத்தம், அது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. குடியுரிமை அலுவலகம், மிஸஸ் ஹேகர்ட்டி, நான் பேசுவது மிஸஸ் வல்லிபுரத்துடனா? அந்தப் பக்கம் கதிரை தள்ளப்பட்டது, அம்மா எழுந்துவிட்டாள். பிறகு அம்மாவின் ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லாகக் கல்லில் கால் வைப்பதுபோல. "அவர் செத்துவிட்டார், மேடம். வெரி லோங்." ஆரணி வாய்க்குள் துவாயைத் திணித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். சிரித்து முடித்து, நான்தானம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா மெல்லக் கேட்டாள், "சொறி மேடம். அது நானா?" அந்தக் கேள்வி. அது நானா. அங்கேதான் பகிடி கையை விட்டுப் போனது. மிஸஸ் ஹேகர்ட்டி தொண்டையைச் செருமினாள். ஆம் டியர், இந்த நாட்டின் காகிதங்களில் அது நீங்கள்தான், அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்ப அழைப்பேன், அப்போது, யெஸ், ஸ்பீக்கிங், என்று சொல்வீர்களா?

சொன்னாள். இரண்டாவது கிழமை, மூன்றாவது கிழமை, ஐந்தாவது கிழமை யெஸ் ஸ்பீக்கிங் மணி அடித்தவுடனே வந்தது. பிறகு கேள்விகள். ஆரணி குடியுரிமைப் பரீட்சைக் கேள்விப் புத்தகத்தைச் சோப்புத்தூள் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோனாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் உடுப்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற பிள்ளை, கட்டிலில் கழற்றிய காலுறையைக் கையால் தொடாத பிள்ளை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, "வளர்ந்திட்டாய் போல" என்று மட்டும் சொன்னாள். கனடாவைச் சுற்றி எத்தனை சமுத்திரம்? மூன்று, மேடம். எத்தனை மாகாணம்? பத்து, மேடம், மற்றது மூன்று பிரதேசம். விடை சரியா என்று பார்க்க ஆரணி புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டவேண்டும், அவள் இங்கேயே பிறந்தவள், அவளை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. ஒருநாள், அது ஐப்பசியா கார்த்திகையா, அறை சூடாக இருந்தது, ட்ரையருக்குள் ஏதோ ஸிப் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது, மிஸஸ் ஹேகர்ட்டி கேட்டாள், தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று முதலாளியோ பொலிஸோ யாராவது கேட்டால் சொல்லவேண்டுமா? ஸிப் டக் டக். கேள்வி விளங்கவில்லையா, டியர்? விளங்குது மேடம். பொலிஸ் கேட்டாலுமா? ஆம், கேட்டாலும். "சொல்லத் தேவையில்லை," என்றாள் அம்மா. பிறகு, தனக்கே சொல்வதுபோல, "ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை." அன்று ஆரணி மேலே வந்தபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு அதையே ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், ஒருதரம் மெல்ல, ஒருதரம் உரத்து, ஒருதரம், சத்தியமாக, ராகத்தோடு. வாழ்க்கை முழுக்க எந்தச் சீருடை கேட்டாலும் பெயர், ஊர், வந்த வழி, போகிற வழி எல்லாம் ஒப்பித்த மனுசி. அந்தக் கிழமையோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா மிஸஸ் ஹேகர்ட்டிக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் தலைவாரத் தொடங்கியிருந்தாள். போனுக்குத் தலைவாரினாள்! அதைக் கண்டபிறகு எப்படிச் சொல்வது, அந்த மிஸஸ் ஹேகர்ட்டியை எப்படிக் கொல்வது?

இருபத்தெட்டு நிமிடம். காலையில் பஸ்ஸுக்குள் வாசம் வந்தபோதே வயிறு விளங்கிக்கொண்டது, மூளைதான் பிந்தியது. "அம்மா, என்ன அது பைக்குள்ள?" "வடை." "பரீட்சைக்கு ஏன் வடை?" "எனக்கில்லை, விசரி. மிஸஸ் ஹேகர்ட்டிக்கு." பஸ் திரும்பியது, ஆரணியும் கம்பியோடு சேர்ந்து திரும்பினாள். "அ... அவ அங்கை இருக்கமாட்டா அம்மா. அவ போனில கதைக்கிறவ. வேற கட்டடம்." "உனக்கெப்பிடித் தெரியும்?" "சும்மா... அப்பிடித்தான் இருக்கும்." "இல்லாட்டி அவையிட்டைக் குடுத்து அனுப்பச் சொல்லுவன். ஏழு மாசம் எனக்குச் சொல்லித் தந்த மனுசி. பொறுமையான பிள்ளை. உன்னைப்போல வாய்காட்டுற பிள்ளை இல்லை." "அதிகாரிக்குச் சாமான் குடுக்கக்கூடாதம்மா, லஞ்சம் எண்டு பிடிப்பினம்!" அம்மா டின்னை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள், "வடைக்கோ?" அப்போது சொல்லியிருக்கலாம். ஒன்பது தரிப்பிடம் இருந்தது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வாயைத் திறந்தாள், அடுத்த நிறுத்தம் இன்னது என்று பஸ்ஸின் பெண்குரல் சொன்னது, அந்தக் குரலையும் அவள் நன்றாகச் செய்வாள், வாயை மூடினாள். பரீட்சைக்கு முன்னம் சொன்னால் அம்மா உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் மேசையில் வைத்து உடைந்துபோவாள். படியேறும்போது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு நேராக இருந்தது. அந்த முதுகை ஆரணி இப்போதுதான் நினைக்கிறாள். போன வருஷம் படியேறிய முதுகு அது அல்ல.

எதிரே அலுவலகக் கதவு திறந்தது. அம்மா இல்லை, ஒரு தலைப்பாகைக்காரர், வெளியே வந்து நின்று, வானத்தைப் பார்த்து, தன்னுடைய கையைத் தானே குலுக்கிக்கொண்டார். பிறகு ஒரு பெண், வயிற்றில் பிள்ளையோடு, நடந்துகொண்டே போனில் அழுகிறாள், சிரிக்கிறாள், எது என்று தெரியவில்லை, இரண்டும்தான். யாரையும் பொலிஸ் கூட்டிக்கொண்டு வரவில்லை. யாரும் வடையோடு வெளியேற்றப்படவில்லை. ஒருவேளை, ஒருவேளை அம்மா பெயரைக் கூப்பிட்டவுடன் எழுந்திருப்பாள், பையைத் திறக்க நேரமில்லாமல் பேனையைக் கொடுத்திருப்பார்கள், மூன்று சமுத்திரமும் வரிசையாக வந்திருக்கும். மிஸஸ் ஹேகர்ட்டி பொய். ஆனால் மூன்று சமுத்திரம் பொய்யில்லையே, யெஸ் ஸ்பீக்கிங் பொய்யில்லையே, அதைச் சொன்னது அம்மாவின் வாய்தானே. நாற்பத்தொரு நிமிடம். சொல்லிவிடுவோம். வந்தவுடன், தெருவைக் கடக்கும்போதே, சொந்தக் குரலில். சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தொண்டையைச் செருமிப் பார்த்தாள். ஸ்வீட்டி என்றது. அது கல்லாப் பெண்ணின் குரல். சிந்திய சாக்லேட்டைத் துடைக்கக் கடுதாசி எடுக்கக் கல்லாவுக்குப் போனாள், திரும்பி வருமுன் பையில் போன் அதிர்ந்தது. இலக்கம் மறைக்கப்பட்டிருந்தது.

"நான் பேசுவது மிஸ் ஆரணி நகுலேஸ்வரனுடனா?" ஆங்கிலம், பெண், அரசாங்கம். ஆரணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், முதுகு தானாக நிமிர்ந்தது. "யெஸ். ஸ்பீக்கிங்." "குடியுரிமை விடயமாக அழைக்கிறேன். உங்கள் தாயார் மிஸஸ் வல்லிபுரம் சம்பந்தமாக. ஒரு டின் சம்பந்தமாகவும்." அவ்வளவுதான், எட்டுத்தடவை நடத்திப் பார்த்த நாடகம் முழுக்க ஒரே மூச்சில் கொட்டியது, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான்தான், வடை லஞ்சமில்லை, அது உளுந்தும் மாவும், ஹேகர்ட்டி என்று யாருமில்லை, நான் செய்த குரல், பகிடிக்குச் செய்தது, பிறகு பகிடி இல்லை, என்னை என்னவும் செய்யுங்கள், ஆனால் அம்மா படித்தது உண்மை, அவளுக்கு எல்லாம் தெரியும், தயவுசெய்து அவளிடம் அப்படி யாருமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் சொல்கிறேன், நானே சொல்கிறேன். சொல்லி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது, அது அவளுடைய சொந்தக் குரலாகவும் இருந்தது. அந்தக் குரல் கேட்டது, "மிஸ் ஆரணி, நுனாவுட்டின் தலைநகரம் எது?" "என்ன?" "கேள்வி விளங்கவில்லையா, டியர்?" "எனக்கு... எனக்குத் தெரியாது." "உங்கள் தாயாருக்குத் தெரிந்திருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் முதல்தடவையிலேயே எழுந்தார். இருபதுக்குப் பத்தொன்பது. அதிகாரி கை கொடுத்தார். சத்தியம் எடுக்கிற நாளுக்குக் கடிதம் வரும்." ஆரணி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள், பத்தொன்பது, பத்தொன்பது, பெரியம்மா, நெற்றியைத் தள்ளி முழு முகத்தையும் காட்டுங்கோ பெரியம்மா, பத்தொன்பது. "ஒரேயொரு முறைப்பாடு," என்றது குரல். "செவ்வாய்க்கிழமைகளில் நீங்கள் அழைக்கும்போது ட்ரையரின் சத்தம் அதிகம். ஸிப் வைத்த உடுப்பை உள்பக்கம் புரட்டிப் போடவேண்டும். அப்போது அடிக்காது." சரி மேடம் என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். ஸிப். டியர். சொல்லை முடித்தபிறகு உதடு மூடுகிற அந்தச் சின்னச் சத்தம். அந்த மூக்கு துணை அதிபருடையது, அந்த டியர் பல் வைத்தியரின் மேசைக்காரியுடையது, அந்த உதட்டுச் சத்தம் அவளுடையது, இந்தக் குரல் இந்த உலகத்தில் ஒரேயொரு தொண்டையைத் தவிர வேறெங்கும் இல்லை, அந்தத் தொண்டை இப்போது ஆரணியின் கழுத்தில் சும்மா இருக்கிறது. போனுக்குள் ஏதோ முறுகலாய்க் கறுக்கென்று கடிபட்டது. மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே, இந்தப் பக்கத் தரிப்பிடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் போனோடு, இடுப்பில் திறந்த டின்னோடு ஒரு மனுசி நின்றாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றாள் ஆரணி. "எப்ப... எப்ப இருந்து தெரியும்?"

"அதை," என்றாள் மிஸஸ் ஹேகர்ட்டி, வாய் நிறைய வடையோடு, "நான் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை, டியர்."